புழுத்துளைக்கு வரம்பு கட்டுவது எப்படி? அறிவியல் புனைகதை எழுதுவோருக்கு முழுமையான வழிகாட்டி

புழுத்துளை என்பது வெகுதொலைவிலுள்ள இரண்டு இடங்களை ஒட்டவைக்கும் விண்வெளிக் குறுக்குவழி. கதையில் அப்படி ஒன்று திறந்த அடுத்த பக்கத்திலேயே வாசகர் கேட்கத் தொடங்கிவிடுவார். எதிரியின் தலைநகருக்குள் நேராக ஒரு குண்டை உருட்டிவிட்டால் போர் முடிந்துவிடாதா? பஞ்சத்தில் கிடக்கும் குடியேற்றத்துக்கு ஏன் ஒரே நாளில் தானியம் போய்ச் சேரவில்லை? கதாநாயகி எதற்காக மூன்று மாதம் காத்திருக்கிறாள்? துளையால் எல்லாம் முடியும் என்றால் கதையில் எதற்கும் விலை இல்லாமல் போய்விடும். நல்ல கற்பனை உலகங்கள் எல்லாமே துளைக்கு ஏதோ ஒரு கடிவாளம் போட்டிருப்பது அதனால்தான்.

'ஸ்டார்கேட்' தொடரில் வாசல் சாதாரணமாக 38 நிமிடத்துக்கு மேல் திறந்திருக்காது. ஆளும் பொருளும் ஒரே திசையில்தான் போகலாம். வானொலி அலை மட்டும் இரண்டு பக்கமும் போகும். 'தி எக்ஸ்பான்ஸ்' உலகில் குறுகிய நேரத்துக்குள் அளவுக்கு மிஞ்சிய நிறையும் ஆற்றலும் வாசல்களான வளையங்களைக் கடந்தால், அடுத்து நுழையும் கப்பல் மறுபக்கம் வந்து சேராது. 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' வேறு வழி பிடித்தது: நிலையான துளை ஒன்றே ஒன்று, அதன் மறுமுனை சுமார் 70,000 ஒளியாண்டுக்கு அப்பால். அந்த ஒரு வாசல் யார் கையில் என்பதே அதன் அரசியல்.

மூன்றும் கதைக்கு நன்றாக உழைத்த வரம்புகள். ஆனால் 38 ஏன் 38 என்று தோண்டினால் அடியில் இருப்பது ஆசிரியரின் விருப்பம்தான். இங்கே சொல்லப்போவது வேறு முறை. துளையின் ஆரம் என்ற ஒரே ஓர் எண்ணை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள்; வேக வரம்பு, போக்குவரத்து, வணிகம், போர்த் தந்திரம் என்று பெரும்பாலானவை அதிலிருந்தே கிளம்பி வரும். நோட்டுப்புத்தகம் ஒன்றும், வர்க்கமூலம் போடும் கால்குலேட்டர் ஒன்றும் போதும். எடுத்துக்காட்டாக 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு துளையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கொண்டுபோவோம்.

படி 1: எந்த வகைத் துளை?

1935-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் எழுதிய 'பாலம்' கருந்துளையோடு சேர்ந்தது. அதைக் கதையில் போடாதீர்கள். 1962-இல் ஃபுல்லரும் வீலரும் கணக்குப் போட்டுக் காட்டியபடி, அந்தப் பாலம் ஓர் ஒளிக்கதிர் கடப்பதற்குள்ளேயே நடுவில் இறுகி அறுந்துவிடும். ஒளிக்கே நேரமில்லை என்றால் கப்பலுக்கு எங்கே?

உங்களுக்கு வேண்டியது 1988-இல் இயற்பியலாளர்கள் மைக்கேல் மாரிஸும் கிப் தோர்னும் வரைந்த துளை. அது பிறந்ததே ஒரு கதைக்காகத்தான். கார்ல் சேகன் தம் 'கான்டாக்ட்' நாவலுக்கு நம்பத்தகுந்த விண்வழி கேட்க, தோர்ன் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்: ஆள் உயிரோடு போய்வர வேண்டும், நிகழ்வெல்லை (கடந்தால் திரும்பி வரவே முடியாத எல்லை) இருக்கக்கூடாது என்று முடிவை முதலில் வைத்து, அதற்கு என்ன பொருள் தேவை என்று பின்னோக்கிப் போனார். கிடைத்த விடை, எதிர்ம ஆற்றல், அதாவது சுழியத்துக்கும் கீழான ஆற்றல், கொண்ட விந்தைப் பொருள்.

கறாராக எழுத விரும்புவோருக்கு இன்னொரு தெரிவும் உண்டு. 2018-இல் மால்டசீனா, மிலெகின், பாப்போவ் மூவரும் விவரித்த துளையில் விந்தைப் பொருளைத் தனியாகக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் அதன் வழியே போவது வெளியே போவதைவிட நேரம் பிடிக்கும். குறுக்குவழி இல்லாத துளை! தப்பி ஒளிவதற்கு அது நல்ல இடம், பயணத்துக்கு உதவாது. இனி பேசுவது முழுக்க 1988 வகையைப் பற்றித்தான்.

படி 2: ஆரத்தைத் தேர்ந்தெடுங்கள், விலையைப் பாருங்கள்

துளையின் மிகக் குறுகலான இடத்துக்குத் தொண்டை என்று பெயர். இரண்டு முனைகளும் வாய்கள். தொண்டையைத் திறந்து பிடிக்கத் தேவைப்படும் விந்தைப் பொருள், ஆரத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 1.35 × 10²⁷ கிலோ. இது வியாழன் கோளின் நிறையில் பத்தில் ஏழு பங்கு, எதிர்மக் கணக்கில். நம் 50 மீட்டர் துளைக்கு 35 வியாழன்கள் வேண்டும்.

கையில் இருப்பது என்ன? கேசிமிர் விளைவு. இரண்டு உலோகத் தகடுகளை ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் வைத்தால் அவற்றை நெருக்கும் அழுத்தம் 0.0013 பாஸ்கல், 10 நானோமீட்டருக்குக் கொண்டுவந்தால் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டும். எதிர்ம ஆற்றல் இயற்கையில் உண்டு என்பதற்கு இது சாட்சி, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, ஃபோர்டும் ரோமனும் காட்டிய குவாண்டம் கட்டுப்பாட்டின்படி எதிர்ம ஆற்றல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு குறுகிய நேரமே நீடிக்கும். கடன் வாங்கியதைச் சீக்கிரம் திருப்பிக் கட்ட வேண்டும்.

இந்த இடத்தில் எழுத்தாளருக்கு ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. 2003-இல் விஸ்ஸர், சாயன் கர், நரேஷ் ததிச் மூவரும், துளையின் வடிவத்தைச் சரியாக அமைத்தால் விந்தைப் பொருளின் மொத்த அளவைக் கொள்கையளவில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று காட்டினார்கள். ஆகவே 'பொருள் அரிது, ஆனால் கிடைக்கிறது' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. யார் கையில் அது இருக்கிறது என்பதை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். எப்படிக் கிடைத்தது என்று மூன்று பக்கம் விளக்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 3: வேக வரம்பு

பலரும் தவறவிடும் வரம்பு இது. துளைக்குள் அசையாமல் நிற்கும் ஆளை எதுவும் இழுக்காதபடி வடிவமைக்கலாம். ஆனால் அவர் நகர்ந்தால் ஓதவிசை, அதாவது உடலின் ஒவ்வொரு பகுதியையும் வெவ்வேறாக இழுக்கும் விசை, வந்துவிடும். அதுவும் பக்கவாட்டில், உடலை இரண்டு பக்கமும் பிய்ப்பதுபோல் இழுக்கும். வேகம் இரட்டிப்பானால் இழுப்பு நான்கு மடங்கு. எளிய வடிவத் துளைக்கான சூத்திரம்:

உச்ச வேகம் = ஆரம் × √(தாங்கும் முடுக்கம் ÷ குறுக்களவு)

மீட்டர், நொடிக் கணக்கில் போடவும். குறுக்களவு ஆரத்தைவிடச் சிறிதாக இருக்கும்வரையிலும், வேகம் ஒளிவேகத்தை நெருங்காதவரையிலும் இது செல்லும். 2 மீட்டர் ஆள் ஒரு ஜி, அதாவது பூமி ஈர்ப்பின் முடுக்கமான 9.8, தாங்குவார் என்று வைத்தால்:

ஆரம் 10 மீட்டர்: நொடிக்கு 22 மீட்டர், பேருந்து வேகம்.
ஆரம் 50 மீட்டர்: நொடிக்கு 110 மீட்டர்.
ஆரம் 1 கிலோமீட்டர்: நொடிக்கு 2.2 கிலோமீட்டர்.
ஆரம் 100 கிலோமீட்டர்: நொடிக்கு 220 கிலோமீட்டர்.

ஆளைவிடக் கப்பல் அகலம் அதிகம், அதனால் அது இன்னும் மெதுவாகத்தான் போகவேண்டும். நம் சரக்குக் கப்பல் 20 மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளம், 30,000 டன் என்று வைப்போம். 50 × √(9.8 ÷ 20) = 35. நொடிக்கு 35 மீட்டர், மணிக்கு 126 கிலோமீட்டர். விண்மீன்களுக்கு இடையே பாயும் கப்பல் நெடுஞ்சாலைக் கார் வேகத்தில் ஊர்ந்து நுழைகிறது. திரையில் காட்டும் மின்னல் சுரங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அதுவே இதன் அழகு.

வரம்பை மீறினால் என்ன ஆகும்? 70 மீட்டர் வேகத்தில் நுழைந்தால் ஓட்டின் இரண்டு ஓரங்களுக்கு இடையே 4 ஜி வித்தியாசம். நடுக்கூடத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. விளிம்பு அறைகளில் இருப்பவர் வெளிச்சுவரில் போய் ஒட்டிக்கொள்வார். முதலில் பிய்வது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவும் எரிபொருள் தொட்டியும்தான். கப்பலை நீளமாக, ஒல்லியாக எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். இந்த வகைத் துளையில் நீளவாட்டில் இழுப்பு இல்லை. உங்கள் உலகத்தின் கப்பல்கள் ஊசி போல இருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

படி 4: வாய் எப்படித் தெரியும்?

வட்டக் கதவு அல்ல, கோளம். 2014-இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தில் சனிக்கு அருகே மிதக்கும் கண்ணாடிக் குண்டுபோலக் காட்டியது சரி. தோர்ன்தான் அதற்கு அறிவியல் ஆலோசகர். எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையலாம். மறுபக்கத்து வானம் முழுவதும் அந்தக் குண்டுக்குள் சுருங்கித் தெரியும்.

தொண்டையில் நின்று பக்கவாட்டில் பாருங்கள். அங்கே சுவர் கிடையாது, நடு மையமும் கிடையாது. ஒளி தொண்டையைச் சுற்றி 314 மீட்டர் ஓடித் திரும்பி வருகிறது. நீங்கள் பார்ப்பது உங்கள் சொந்த முதுகு. கப்பலின் ரேடாரில் 1.05 மைக்ரோநொடி கழித்து ஒரு 'அந்நியக் கப்பல்' தோன்றும், அதே அளவு, அதே வேகம். புதிய மாலுமி பதறிப்போய் மோதல் எச்சரிக்கையை அழுத்தும் காட்சி இங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

வாயைத் தரையில் வைக்கலாமா என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு வாய் பூமித் தரையில், மறுவாய் செவ்வாய்த் தரையில் என்று வையுங்கள். செவ்வாயின் காற்றழுத்தம் சுமார் 600 பாஸ்கல், பூமியில் 1,01,325. காற்று ஒலிவேகத்தில் பாயும். ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் நொடிக்குச் சுமார் 240 கிலோ. தொண்டை கோளம் என்பதால் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தை நான்கு பையால் (4π) பெருக்கிய அளவு, அதாவது 31,400 சதுர மீட்டர். நொடிக்கு 7,500 டன் காற்று! காற்றுப்பூட்டு வைத்த பெரிய கூடத்துக்குள் வாயை அடைக்காமல் தரையில் வைத்தால் துளை நிரந்தரப் புயலாகிவிடும்.

உயரக் கணக்கும் உண்டு. பூமித் தரையிலிருந்து ஆழ்விண்வெளிக்கு ஏற நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடான ஆற்றல் வேண்டும். பூமி இருக்கும் தொலைவிலிருந்து சூரியனின் ஈர்ப்பை விட்டு வெளியேற 42 கிலோமீட்டர். துளை வழியே போனால் இந்தக் கடன் தள்ளுபடி ஆகாது. இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, கப்பல் தொண்டைக்குள்ளேயே மேடேறிச் செலுத்த வேண்டும். 35 மீட்டர் வேகத்தில் வந்த கப்பல் பாதியில் நின்று பின்னால் உருளும். இல்லையேல் வாய்களின் நிறைக் கணக்கில் பற்று எழுதப்படும்: சூரியன் எடுத்துக்காட்டில் ஒரு கப்பலுக்குச் சுமார் 300 கிராம். இரண்டாவது வழி மலிவுதான், ஆனால் இரு வாய்களின் கடிகாரங்களும் ஆண்டுக்கு 0.31 நொடி விலகிக்கொண்டே போகும். ஃப்ரோலோவும் நோவிகோவும் 1990-இல் கண்டது இதைத்தான். தலைவலி வேண்டாமென்றால், இரு வாய்களையும் ஒரே மாதிரி விண்மீனைச் சுற்றி ஒரே தொலைவில் வையுங்கள்.

படி 5: நிறைப் பேரேடு

ஒரு கப்பல் வாய்க்குள் போனதும் அதன் நிறை எங்கே போயிற்று? வெளியே இருந்து அளப்பவருக்கு நுழைவாய் 30,000 டன் கனமாகிவிட்டது. கப்பல் வெளிவரும் மறுவாய் 30,000 டன் இளைத்துவிட்டது. நிறை அழியாமை விதி இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பொருந்தியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு துளைக்கும் வரவு செலவுப் பேரேடு ஒன்று தேவை.

வாயின் வெளி நிறை, அதாவது தூரத்திலிருந்து உணரும் நிறை, விந்தைப் பொருளின் அளவிலிருந்து வேறானது. அதை நீங்கள் முடிவு செய்யலாம். நம் துளைக்கு 10 கோடி டன் என்று வைப்போம். ஒரு கப்பல் அதில் 0.03 விழுக்காடு. ஏற்றத்தாழ்வு 1 விழுக்காட்டைத் தாண்டினால் தொண்டை அதிரத் தொடங்கும் என்று விதி செய்யுங்கள். இந்த 1 என்ற எண் மட்டும் உங்கள் கற்பனை. உடனே கிடைப்பது: ஒரே திசையில் தொடர்ந்து 33 கப்பல்கள்தான் போகலாம். அதற்குமேல் போகவேண்டுமென்றால் மறுபக்கத்திலிருந்து அதே எடை திரும்பி வரவேண்டும்.

இங்கேதான் உலகம் உயிர் பெறுகிறது. புதிய குடியேற்றத்துக்குக் கருவிகள், விதைகள், ஆட்கள் எல்லாம் போகும். அங்கிருந்து அனுப்ப என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. எனவே அவர்கள் கல் அனுப்புவார்கள். சிறுகோளை உடைத்து, 30,000 டன் வெறும் பாறையை ஏற்றி, பேரேட்டைச் சமன் செய்வதற்காக மட்டும் அனுப்புவார்கள். பாறைக்கு விலை உண்டாகும். தராசைத் திருத்துகிறவன் கள்ளக்கடத்தல்காரன் ஆவான். அகதிகள் கூட்டமாக ஒரே பக்கம் ஓடிவரும்போது, 'உங்கள் எடைக்குக் கல் எங்கே?' என்று வாயிற்காவலன் கேட்பான். மேலே சொன்ன காற்றுக் கசிவு இந்தத் துளையின் 1 விழுக்காட்டை ஏறத்தாழ 2 நிமிடம் 13 நொடியில் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்: ஓட்டை விழுந்த ஒரு கூடம் விண்மீன் பாதையையே மூடிவிடும்.

உந்தமும் இப்படித்தான். 30,000 டன் கப்பல் 35 மீட்டர் வேகத்தில் நுழைந்தால், 10 கோடி டன் வாய் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் தள்ளப்படும். சின்ன எண் என்று விட்டுவிடக் கூடாது; ஒரே நாளில் வாய் 900 மீட்டர் நகர்ந்துவிடும், அதுவும் ஒரே ஒரு கப்பலுக்கு. திரும்பி வரும் கப்பல் இதைச் சரிக்கட்டிவிடும் என்று நினைப்பவர்கள் சறுக்கும் இடம் இது. அதே பக்கமாக வெளியே வரும் கப்பல் வாயைப் பின்னுக்கு உதைக்கும். அந்த உதையும் முதல் தள்ளலும் ஒரே திசை. நிறை சமனாகும், தள்ளல் இரட்டிப்பாகும். தீர்வு எளிது: ஒரு பக்கம் நுழை, நேர் எதிர்ப்பக்கம் வெளியேறு. வாய் கோளம் என்பதால் இது முடியும். மீதமிருக்கும் சிறு நகர்வுக்கு வாயில் கொஞ்சம் மின்னூட்டம் ஏற்றி மின்புலத்தால் இழுத்து நிறுத்தலாம். ஆனால் அப்போது கப்பல்கள் சுமந்துவரும் மின்னூட்டத்துக்கும் இன்னொரு பேரேடு வேண்டும்.

படி 6: மறுவாயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது

துளை ஓரிடத்தில் பிறக்கும். ஒரு வாயை இழுத்துக்கொண்டு போய்த்தான் தூரத்தில் வைக்கவேண்டும். முதல் பயணத்துக்குக் குறுக்குவழி கிடையாது. 20 ஒளியாண்டு தூரத்து விண்மீனுக்கு ஒளிவேகத்தில் 99.5 விழுக்காட்டில் இழுத்தால் வெளிக்கணக்கில் 20.1 ஆண்டு. வாயோடு போகும் கடிகாரத்தில் 2 ஆண்டுதான். துளை வழியாக எட்டிப் பார்ப்பவருக்கும் அதே 2 ஆண்டு. அதாவது புறப்பட்ட இரண்டாம் ஆண்டிலேயே பூமியிலிருந்து அங்கே காலடி வைக்கலாம்.

ஆற்றல்தான் இடிக்கும். 10 கோடி டன் வாயை அந்த வேகத்துக்குக் கொண்டுவர 8 × 10²⁸ ஜூல். சூரியன் மூன்றரை நிமிடம் உமிழும் மொத்த ஆற்றல் அது. அதனால் ஒரு டன் எடையுள்ள, நூல் போன்ற சிறு துளையை அனுப்புங்கள். சேர்ந்தபிறகு துளை வழியாகவே பொருளை அனுப்பிப் பெருக்கிக்கொள்ளலாம். அந்த ஒரு டன்னுக்கே 8 × 10²⁰ ஜூல் ஆகும், இன்று உலகம் முழுக்க ஓராண்டு செலவழிக்கும் ஆற்றலைவிட அதிகம். நிறுத்துவதற்கு ஆகும் செலவு தனி. ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கு போதும் என்றால் செலவு 1,800 மடங்கு குறையும், ஆனால் 200 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஏழை நாடும் பணக்கார நாடும் உங்கள் கதையில் பிரிவது இந்த இடத்தில்.

பெரிய துளை வழியாகச் சிறிய துளையின் வாயைக் கொண்டுபோகலாம். மறுமுனையிலிருந்து அடுத்த இழுவை தொடங்கும், வலையமைப்பு மரம்போலக் கிளைவிடும். எந்தத் துளையின் வாயையும் அதே துளைக்குள் நுழைக்க மட்டும் விடாதீர்கள்.

படி 7: நேரச் சிக்கல்

கதைகள் அதிகம் கவிழும் இடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

மேலே சொன்ன துளையில் விண்மீனின் 20.1-ஆம் ஆண்டு, பூமியின் 2.0-ஆம் ஆண்டோடு ஒட்டியிருக்கிறது. வித்தியாசம் 18.1 ஆண்டு. இதை வைத்து யாராவது இறந்தகாலத்துக்குப் போகலாமா? முடியாது. விண்மீனிலிருந்து துளை வழியாகப் பூமியின் 2-ஆம் ஆண்டுக்கு வரலாம்; ஆனால் அங்கிருந்து வெளிவழியே விண்மீனுக்குச் செய்தி அனுப்பினால் அது சேர 20 ஆண்டு ஆகும், 22-ஆம் ஆண்டில்தான் கிடைக்கும். புறப்பட்டது 20.1-இல். முரண் இல்லை. ஆக முதல் விதி: கடிகார வித்தியாசம், ஆண்டுக் கணக்கில், வாய்களுக்கு இடையே உள்ள ஒளியாண்டுத் தொலைவைவிடக் குறைவாக இருக்கவேண்டும்.

இப்போது விண்மீனில் குடியேறியவர்கள் தாங்களும் ஒரு துளை செய்து, அதன் வாயைப் பூமிக்கு அதே 99.5 விழுக்காடு வேகத்தில் அனுப்புகிறார்கள். தனியாகப் பார்த்தால் அதிலும் தவறில்லை. இரண்டையும் சேர்த்தால்? அந்த வாய் பூமியின் 40.2-ஆம் ஆண்டில் வந்து சேரும். அதில் நுழைந்தால் விண்மீனின் 22.1-ஆம் ஆண்டு, அங்கிருந்து பழைய துளையில் நுழைந்தால் பூமியின் 4-ஆம் ஆண்டு. 36 ஆண்டு பின்னால் போயாயிற்று. தனித்தனியாக நல்ல பிள்ளைகளான துளைகள் கூட்டுச் சேர்ந்து காலயந்திரம் ஆகும் இந்த அமைப்புக்கு ரோமன் வளையம் என்று பெயர்.

1992-இல் ஹாக்கிங் முன்வைத்த காலவரிசைக் காப்பு ஊகம் இதற்குக் காவல்காரன்: வளையம் உருவாகும் தறுவாயில் வெற்றிட அலைவுகள் (வெற்றிடத்திலும் ஓயாத நுண்ணிய ஆற்றல் ஏற்ற இறக்கங்கள்) சுற்றிச் சுற்றிப் பெருகித் துளையைச் சிதைத்துவிடும் என்பது அதன் சாரம். கதையில் இதை எப்போது நிகழவைப்பது? பலரும் இரண்டாவது வாய் பூமியை வந்து தொடும்போது என்று எழுதுவார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வாய் 1 ஒளியாண்டு வந்ததுமே வளையம் மூடத் தயாராகிவிடுகிறது: அப்போது நேரம் 21.1, அந்த வாய்க்குள் நுழைந்த ஒளி விண்மீனின் 20.2-க்குப் போய், பழைய துளை வழியே பூமியின் 2.1-இல் வெளிவந்து, 19 ஒளியாண்டு கடந்து மீண்டும் அதே வாயைச் சரியாக 21.1-இல் தொடுகிறது. வெடிப்பு பூமியிலிருந்து 19 ஒளியாண்டு தொலைவில், யாரும் எதிர்பாராத ஆளற்ற வெளியில் நடக்கும்.

அப்படியானால் பாதுகாப்பான வலையமைப்பு எது? ஒரே மையத்திலிருந்து எல்லாத் துளைகளும் வெளியே போகும் நட்சத்திர வடிவம். எல்லோரும் மையத்தின் கடிகாரத்தை ஏற்க வேண்டும். எல்லையிலுள்ள இரண்டு உலகங்கள் தங்களுக்குள் நேர்த்துளை போட நினைத்தால் மையத்தின் அனுமதி தேவை; ஒரு சுற்றில் வரும் கடிகார வித்தியாசங்களின் கூட்டுத்தொகை, அந்தச் சுற்றில் வெளிவழியே கடக்கும் ஒளியாண்டுகளைத் தாண்டக்கூடாது. பேரரசு ஒன்று ஏன் மையமாகவே இருக்கிறது, மாகாணங்கள் ஏன் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியவில்லை என்பதற்கு அரசியல் காரணம் தேட வேண்டியதில்லை. கலகக்காரர்கள் ஆயுதம் தூக்க வேண்டாம். தவறான திசையில் ஒரு சிறு வாயை இழுத்துவருவோம் என்று மிரட்டினால் போதும்.

படி 8: போக்குவரத்து அட்டவணை

பனாமா கால்வாயைப் பாருங்கள். ஒவ்வொரு கப்பலைக் கடத்தவும் ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நன்னீர் ஏரியிலிருந்து போகிறது. 2023-இல் மழை பொய்த்தபோது நாளுக்கு 36 கப்பலாக இருந்ததை 24-க்கும் கீழே குறைக்க வேண்டியதாயிற்று. கதவின் அகலம் மாறவில்லை, ஏரிதான் வற்றியது. துளைக்கு நிறைப் பேரேடு அந்த ஏரி.

நம் கப்பல் 0.1 மீட்டர் எதிர்முடுக்கத்தில் பிரேக் போட்டால் நிற்க 6.1 கிலோமீட்டர் ஆகும். அதனால் இரண்டு கப்பல்களுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி, அதாவது 3 நிமிடம். 33 கப்பல் தொடரணி கடக்க 100 நிமிடம், வழியைக் காலிசெய்ய 10 நிமிடம், பிறகு எதிர்த்தொடரணி. நாளொன்றுக்கு 13 தொடரணி, 430 கப்பல். எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் இது. 2021 மார்ச்சில் சூயஸில் ஒரே ஒரு கப்பல் குறுக்கே மாட்டி ஆறு நாள் எல்லாம் நின்றதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

படி 9: போர்

35 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து வெளிவரும் போர்க்கப்பல் தட்டில் வைத்த இரை. ஆகவே வாயிலைக் காப்பவனுக்கே வெற்றி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே சூத்திரத்தில் ஏவுகணையைப் போடுங்கள். பீரங்கிக் குண்டுக்குள் வைக்கும் மின்னணுக் கருவிகள் ஆயிரக்கணக்கான ஜி தாங்கும். 1 மீட்டர் குறுக்களவு, 1,000 ஜி: 50 × √9,800 = நொடிக்கு 4,950 மீட்டர். ஆளுக்கு 110, கப்பலுக்கு 35, ஆளில்லாக் குண்டுக்கு ஏறத்தாழ 5,000. எந்தத் திசையில் வெளிவரும் என்றும் தெரியாது, காவல் கோளத்தைச் சுற்றிலும் வேண்டும்.

லேசருக்கு வேக வரம்பு இல்லை, ஆனால் வேறு சிக்கல் இருக்கிறது. துளை ஒளியை விரிக்கும் வில்லை (லென்ஸ்) போன்றது. 1 மீட்டர் அகலக் கற்றை மறுபக்கம் வந்ததும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 63 மீட்டர் விரிந்துகொண்டே போகும். 100 கிலோமீட்டரில் அது வெறும் வெளிச்சம். சாதாரண வானொலித் தொடர்பும் இதே காரணத்தால் வலுவிழக்கும், வாயருகே மறுஒலிபரப்பி ஒன்று மிதக்க வேண்டும். தாக்குபவன் கெட்டிக்காரனாக இருந்தால் துளைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் 63 மீட்டர் குழிஆடி வைத்து, கற்றையை முன்கூட்டியே குவித்து அனுப்புவான். மறுபக்கம் அது நேரான ஒரு மீட்டர்க் கற்றையாக வெளிவரும். அவ்வளவு பெரிய ஆடியை அவன் பொருத்துவதைத் துளை வழியாகவே இந்தப் பக்கத்துக் காவல்காரன் பார்த்துக்கொண்டிருப்பான். முதல் குண்டு அந்த ஆடிக்குத்தான்.